பனிக்கண்டத்தில் ஒரு குழாயடி

எங்கள் தெருமுனையில் ஒரு குடிநீர்க் குழாய் உண்டு. இப்பொழுது வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டதால் அதன் தலைமேல் காக்கைகள்தாம் அமர்கின்றன. என் அம்மா பாவாடை சட்டை அணிந்த காலத்தில், முப்பது வீடுகளுக்கும் அந்த ஒரு குழாய்தான். விடியற்காலை நான்கு மணிக்கே குடங்கள் வரிசையில் வந்து நின்றுவிடுமாம். ஆள் வர இயலாத வீட்டுக்காக ஒரு செங்கல் நிற்குமாம். அந்த வரிசையைக் கட்டி ஆண்டவர் என் ஆச்சி. "நடைக்கு ஒரு குடம், ரெண்டாவது குடம் வேணும்னா மறுபடியும் கடைசியில போயி நில்லு" என்பது ஆச்சியின் சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நோயாளி இருக்கிற வீட்டுக் குடத்துக்கும் துக்க வீட்டுக் குடத்துக்கும் வரிசை கிடையாது.

பாளையங்கோட்டைத் தெருக்குழாய்க்கும் பூமியின் தென்கோடியிலுள்ள பனிக்கண்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோழியர் நகைக்கலாம். சம்பந்தம் உண்டு. அந்தக் குழாயடியில் செங்கல்லுக்குக் காவல் நின்று வளர்ந்த என் தாய்மாமா, 2023ஆம் ஆண்டின் இறுதியில் அண்டார்டிகா சென்றார். அங்கே நம் நாட்டின் ஆய்வு நிலையம் ஒன்றில் ஓராண்டுக்கு மேல் தங்கி, செய்தித் தொடர்புப் பணியைக் கவனித்தார். இணைய இணைப்பும் எல்லாருக்கும் பொதுவான கணிப்பொறிகளும் அவர் பொறுப்பு. "உன் பள்ளி மலரில் எழுதுவதானால் என் பெயரும் வேண்டாம், நிலையத்தின் பெயரும் வேண்டாம், வேலையைப் பற்றி எழுது" என்று கட்டளையிட்டிருக்கிறார். அப்படியே செய்கிறேன்.

மாமா புறப்படும்வரை அண்டார்டிகாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெங்குவின் பறவை மட்டுமே. பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். நம் நாட்டின் முதல் ஆய்வுக் குழு, டாக்டர் எஸ். இஸட். காசிம் அவர்களின் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9ஆம் நாள் பனிக்கரையில் கால் வைத்தது. அடுத்து எழுந்த 'தட்சிண கங்கோத்ரி' நிலையத்தைப் பனி சிறிது சிறிதாக விழுங்கிவிட்டது. பாறை நிலத்தின்மேல் 1989இல் 'மைத்ரி'யும், அங்கிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தொலைவில் 2012இல் 'பாரதி'யும் எழுந்தன. 1983-84ஆம் ஆண்டுப் பயணத்திலேயே சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்னும் இரு பெண் அறிவியலறிஞர்கள் அங்கே சென்றார்கள். இஸ்ரோவைச் சேர்ந்த மங்களா மணி அவர்கள் தமது 56ஆம் வயதில் பாரதி நிலையத்துக்குச் சென்று, அந்தக் குழுவின் ஒரே பெண்மணியாக 403 நாள்களை அங்கே கழித்து 2017இல் திரும்பினார்கள். இதை நான் வீட்டில் உரக்கப் படித்தபோது, அடுப்படியிலிருந்து ஆச்சி, "பொம்பளையாளு ஒருத்தி இருந்துட்டு வந்திருக்கான்னா, நம்ம பயலுக்கு என்ன கொறச்சல்? போயிட்டு வரட்டும்" என்றார்கள். மாமாவின் பயணத்துக்கு வீட்டில் அனுமதி கிடைத்தது அன்றுதான்.

தில்லியில் உடற்பரிசோதனை, இமயமலையில் ஆலி என்னுமிடத்தில் பனிப் பயிற்சி, பின் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலிருந்து விமானம். நிலையத்தை அடைந்தபின் மாமா எழுதிய முதல் கடிதம் நான்கே வரி. "அன்பு மருமகளுக்கு, நலமாய் வந்து சேர்ந்தேன். இங்கே இப்போது இரவே இல்லை. சூரியன் சுற்றிச் சுற்றி வருகிறான். கோடை முடிந்து மார்ச்சு மாதம் வந்தால் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. பிறகு நவம்பர் வரை இந்த இருபத்து நான்கு பேருக்கும் வெளியுலகம் என்பது கூரைக்கருகே இருக்கும் ஒரு தட்டு மட்டும்தான்."

அந்தத் தட்டு செயற்கைக்கோளை நோக்கி நிற்கும் ஆன்டெனா. பத்தாம் வகுப்புப் பாடமே இதைப் புரிந்துகொள்ளப் போதும். நாம் தொலைக்காட்சிக்குப் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பவை போலத் தோன்றும். நம் ஊரில் மொட்டை மாடியில் நின்றால் அவை தலைக்கு மேலே இருக்கும். தெற்கே போகப் போக அவை வானில் கீழே இறங்கும். நம் நிலையங்கள் இருக்கும் 70 பாகை அட்சரேகைப் பகுதியில், அவை அடிவானத்துக்குப் பத்துப் பாகை உயரத்தில்தான் தென்படும். அதனால் ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிமிராமல், தூரத்துப் பனிமேட்டைப் பார்ப்பதுபோல் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். 81 பாகையைத் தாண்டினால் அவை அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஆகவே தென்துருவத்திலேயே இருக்கும் அமெரிக்க நிலையத்தார், வயதாகித் தன் பாதையிலிருந்து சற்றே சாய்ந்துபோன பழைய செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்தார்கள். சாய்ந்து ஆடுகிற செயற்கைக்கோள் நாளில் சில மணி நேரம் துருவத்துக்குத் தலைகாட்டும். அந்தச் சில மணி நேரந்தான் அவர்களுக்கு இணையம். 1978இல் வானிலை பார்க்க ஏவப்பட்ட ஒரு கிழட்டுச் செயற்கைக்கோள், 2016 வரை அவர்களுக்கு இப்படி ஊழியம் செய்ததாம். ஓய்வு பெற்ற பின்னும் உழைத்த அந்தப் பெரியவரை நினைத்து வியந்தேன்.

கணிப்பொறிகளை மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மாமாவின் கடிதங்கள் என் எண்ணத்தைத் திருத்தின.

முதல் எதிரி வியர்வை. வெளிக்குளிரில் கிடந்த பெட்டியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடன் திறந்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோடா புட்டியைப்போல் கணிப்பொறியின் உள்ளும் புறமும் நீர் முத்துகள் அரும்பும். அந்நிலையில் மின்சாரம் பாய்ந்தால் கணிப்பொறியின் ஆயுள் முடிந்தது. ஆதலால் பெட்டியைப் பிரிக்காமலே பல மணி நேரம் அறைக்குள் கிடக்க விட வேண்டும். "பரிசுப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு மறுநாள் வரை தொடாமல் இருப்பது எங்கள் முதல் தவம்" என்று எழுதினார்.

இரண்டாம் எதிரி தீப்பொறி. நம் ஊரில் மின்கசிவை மண்ணுக்குள் இறக்கிவிட 'எர்த்' கொடுக்கிறோம். அங்கே உறைந்த பாறையும் பனிக்கட்டியும் மின்சாரத்தை எளிதில் உள்வாங்குவதில்லை. காற்றோ ஈரப்பசையே அற்றது. கம்பளிச் சட்டையோடு நாலடி நடந்துவந்து விசைப்பலகையைத் தொட்டால் விரல் நுனியிலிருந்து பொறி தெறிக்கும். நமக்கு அது சுருக்கென்ற வலியோடு போய்விடும். கணிப்பொறிக்கோ உயிரே போகலாம். மாமா ஒவ்வொரு மேசையின் ஓரத்திலும் ஓர் உலோகப் பட்டையைப் பதித்து, அதை நிலையத்தின் எர்த் கம்பியோடு இணைத்தார். உட்காருமுன் அதைத் தொட வேண்டும். கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துவிட்டு உள்ளே நுழைகிறோமே, அந்தப் பழக்கம் போலவே எல்லாருக்கும் அது படிந்துவிட்டதாம்.

மூன்றாவது சங்கடம் சுவர். குளிர் தாங்குவதற்காக அமைந்த உலோகச் சுவர்களை வைஃபை அலை ஊடுருவுவதில்லை. அறைக்கு அறை கம்பி இழுத்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சிறு வைஃபை பெட்டி பொருத்த வேண்டியதாயிற்று. குளிரில் கம்பியின் உறை விறைத்து, வளைத்தால் வெடித்துவிடும்; எனவே வெளியே செல்லும் கம்பிகளைக் கோடைக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். பனிப்புயல் ஓய்ந்தபின் ஆன்டெனாவில் அப்பிய பனியைத் தட்டிவிடப் போனால், தனியே போகலாகாது. தலைவரிடம் சொல்லிவிட்டு இருவராய்ப் போய் இருவராய்த் திரும்ப வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்து, பொதுக்கூடத்தில் நான்கு கணிப்பொறிகள் வைத்து, வைஃபையும் திறந்துவிட்டாயிற்று. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மார்ச்சு மாதத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மாலை ஆறு மணியானால் இணைப்பு இறுகிவிடும். ஒரு வரிச் செய்தி போகவும் அரை மணி நேரம். மாமா கம்பியைச் சோதித்தார், ஆன்டெனாவைச் சோதித்தார், எங்கும் பழுதில்லை. இறுதியில், இணைப்பில் என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொரு கருவியாய்க் கணக்கெடுத்தார். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மாலையில் பணி முடித்து அறைக்கு வருகிறார்கள். செல்பேசி வைஃபையைக் கண்டுகொள்கிறது. யாரும் கேளாமலே புதிய மென்பொருளை இறக்குகிறது, எடுத்த படங்களையெல்லாம் ஏற்றுகிறது, வந்த காணொளிகளையெல்லாம் இழுக்கிறது. மனிதர் இருபத்து நால்வர். செல்பேசி, மடிக்கணினி எல்லாம் சேர்த்து ஐம்பது வாய்கள். ஊரில் ஒரு வீட்டுக்குக் கிடைப்பதைவிட மெலிந்த ஒரே குழாயில் ஐம்பது குடங்கள்!

அவ்வாரம் மாமாவிடமிருந்து வந்த கடிதத்தை நான் என்றும் மறக்க இயலாது. "மருமகளே, குழாயை அடைத்த குற்றவாளிகளுள் ஒன்று என் செல்பேசியே. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே நீ ஆடிக்கொண்டிருக்கிறாய்."

ஆம் தோழியரே! அவ்வாண்டு நம் பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் ஆடிய நடனத்தைத்தான் நான் அனுப்பியிருந்தேன். அறுபது மெகாபைட் அளவுள்ள காணொளி. போய்ச் சேர்ந்ததற்கான குறி தெரியவில்லையே என்று மறுபடி அனுப்பினேன். அதற்கும் தெரியவில்லையே என்று மூன்றாம் முறையும் அனுப்பினேன். அந்த மாலைகளில் ஒன்றில், மாமாவின் நண்பர் ஒருவர், ஊரில் தமக்குப் பிறந்த குழந்தையின் முகத்தை முதன்முதலாகக் காணக் கணிப்பொறி முன் காத்திருந்தாராம். படம் பாதி நெற்றியோடு நின்றுவிட்டதாம். மாமா கடிந்து ஒரு சொல் எழுதவில்லை. ஆனால் அந்தப் பாதி நெற்றி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. நான் செய்ததைக் கேட்ட ஆச்சி, "குழாயடியில மூணு குடத்தை வெச்சிட்டு நின்னிருக்க" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன்பின் மாமா செய்த ஏற்பாடு ஆச்சியின் சட்டமேதான். நிலையத் தலைவரோடும் மற்றவர்களோடும் கலந்து பேசி எழுதிவைத்தார். ஆய்வுக் கணக்குகளும் வானிலைக் குறிப்புகளும் முதலில். அவற்றுக்கென்றே இரவு நேரம் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணிக்காகத்தானே அங்கு போயிருக்கிறார்கள்? வைஃபை குறிப்பிட்ட வேளையில் மட்டும். அதிலும் எழுத்துச் செய்தி மட்டும் போகும்படி வாய்க்கால் கட்டினார். தானாய் இறங்குபவை யாவும் நிறுத்தப்பட்டன. மென்பொருளைத் திருத்த வேண்டுமாயின் ஒரே ஒரு கணிப்பொறி அதை ஒரு முறை இறக்கும். மற்றவை அதனிடமிருந்து நிலையத்துக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அன்றாடச் செய்தித்தாளும் அவ்வாறே. ஒரு பிரதி வந்து, டீக்கடைச் செய்தித்தாளைப்போல் இருபத்து நான்கு பேர் கையிலும் புரளும். முகம் பார்த்துப் பேசுவதற்குப் பொதுக்கூடத்துக் கணிப்பொறி. ஆளுக்கு இருபது நிமிடம். சுவரில் ஒரு பலகை. பலகையில் வாரத்துக்கொரு தாள். அதில் வேளையும் பெயரும்.

"எல்லாரும் இசைந்தார்களா மாமா?" என்று கேட்டு எழுதினேன். "இல்லை. முதல் வாரம் என்னைக் கண்டால் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அறைக்குள் படுத்தபடியே பேசிப் பழகியவனைக் கூடத்துக்கு வா, தாளில் பெயரெழுது, இருபது நிமிடத்தில் எழுந்திரு என்றால் கோபம் வராதா? ஆனால் ஒரு நன்மை விளைந்தது. ஒருவன் பேசிக்கொண்டிருக்கையில் அடுத்தவன் பக்கத்தில் காத்திருப்பான். அவன் மகள் இவனுக்கும் கை காட்டுவாள். ஒருவர் வீட்டுக் கதை ஒருவருக்குத் தெரிந்தது. சமையல் செய்யும் பெரியவருக்குத் தட்டச்சு வராது. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் முறைவைத்து எழுதிக் கொடுக்கிறோம். அறைக்குள் வைஃபை இருந்தபோது அவர் வீட்டுக்கு ஒரு வரியும் எழுதியதில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது" என்று பதில் வந்தது.

நானும் மாறினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கடிதம். என்ன சமையல், யாருக்குத் திருமணம், ஆச்சியின் முழங்கால் வலி, கணக்குத் தேர்வில் போன மதிப்பெண் என எல்லாம் எழுத்தில். ஒரு நாள் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணிப்பொறியில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் ஆகும். நாலாயிரம் குறியீடுகள் கொண்ட நீண்ட கடிதம் பன்னிரண்டு கிலோபைட். என் நடனமோ அறுபதாயிரம் கிலோபைட். ஒரு நடனத்தின் எடைக்கு ஐயாயிரம் கடிதங்கள்! ஒவ்வொரு ஞாயிறும் எழுதினாலும் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் எழுதலாம்.

மாமாவும் எனக்குப் பழைய கதைகளை எழுதினார். 1911இல் புறப்பட்ட மாசன் என்பவரின் ஆஸ்திரேலியக் குழுவினர்தாம் முதன்முதலில் அண்டார்டிகாவில் கம்பியில்லாத் தந்தி அமைத்தவர்கள். அங்கு வீசிய காற்று தந்திக் கம்பத்தையே சாய்த்துவிட்டது. 1913இல், தோழர் இருவரையும் பனியில் இழந்து, தனியாகத் தள்ளாடித் திரும்பிய மாசன், சில மணி நேர வேறுபாட்டில் கப்பலைத் தவறவிட்டு இன்னோர் ஆண்டு தங்க நேர்ந்தது. அவர் உயிரோடிருக்கும் செய்தி அந்த ஆண்டே ஊருக்குத் தெரிந்தது தந்தியால்தான். 1961இல், மைத்ரி இப்போது இருக்கும் அதே பாறை நிலத்திலுள்ள ரஷ்ய நிலையத்தில், ரோகசோவ் என்ற 27 வயது மருத்துவர், வேறு மருத்துவர் இல்லாமையால், தம் குடல்வாலைத் தாமே அறுத்து அகற்றிக்கொண்டார். உதவிக்கு நின்றவர்கள் மருத்துவம் அறியாத தோழர்கள். 1999இல் தென்துருவ நிலையத்து மருத்துவர் ஜெர்ரி நீல்சன் தம் மார்பில் கட்டியைக் கண்டபோது, மின்னஞ்சல் வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் அமெரிக்க மருத்துவர்கள் அவருக்கு வழி காட்டினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் விமானம் வந்து மீட்கும் வரை அவர் மருத்துவம் பெற்றுத் தாக்குப்பிடித்தார். "ஆகவே இது பொழுதுபோக்குக் குழாய் அல்ல மருமகளே. எந்த நாளில் எவனுக்கு உயிர்த்தண்ணீர் ஆகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அதை அடைக்கலாகாது" என்று முடித்திருந்தார்.

அந்த நாள் எங்கள் வீட்டுக்கே வந்தது.

2024 ஜூலை முதல் வாரத்தில் ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து, "வீட்டுக்கு அழைத்துப் போங்கள், பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். பார்க்க வேண்டியவர் ஒருவரே; அவரோ எந்தக் கப்பலும் எந்த விமானமும் எட்டாத இடத்தில், சூரியனே எழாத நீண்ட இரவுக்குள் இருந்தார். அம்மா அழுதுகொண்டேயிருந்தார்கள். நான் எழுதினேன். அன்று என் கடிதம் இரண்டே வரி.

அன்றைய தாளில் மாமாவின் பெயர் இல்லை. அவருடைய முறை மூன்று நாள் கழித்து. பின்னால் நாங்கள் அறிந்தது இது. அவர் செய்தியைப் படித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, தாளில் அந்த வாரத்துக்கு எழுதப்பட்டிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாய் அடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. முதலில் தம் பெயரை அடித்தவர், பிள்ளையின் பாதி நெற்றியைக் கண்டவர். தட்டச்சு அறியாத சமையற்காரர் தம் பெயரைத் தாமே தேடிக் கோடு போட்டார். அடுத்து எல்லாரும் செல்பேசிகளை அணைத்துக் கூடத்து மேசைமேல் அடுக்கிவிட்டார்கள். நிலையத் தலைவர் அன்று இரவு போக வேண்டிய ஆய்வுக் கணக்குகளை விடியும் நேரத்துக்குத் தள்ளிவைத்தார். முழுக் குழாயும் ஒரே குடத்துக்கு. நோயாளி வீட்டுக் குடத்துக்கு வரிசை கிடையாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

திரையில் மாமாவின் முகம் தெளிவாய்த் தெரிந்தது, தாடி வளர்ந்திருந்தது. நான் செல்பேசியை ஆச்சியின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். குரல் பூமியிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி மீண்டும் இறங்கக் கால் நொடிக்கு மேல் ஆகும். பதில் வரவும் அவ்வளவு. அந்த அரை நொடி மௌனத்தை ஆச்சி வேறு விதமாய் எண்ணிக்கொண்டு, "பயலுக்குப் பேச்சு வரலையே" என்று கலங்கினார்கள். "ஆச்சி, கொஞ்சம் பொறுங்க, மாமா சொல்றது வந்துகிட்டிருக்கு" என்று ஒவ்வொரு முறையும் நான் காதில் சொன்னேன். ஆச்சி பழகிக்கொண்டார்கள்.

பெரிய வார்த்தைகள் எதுவும் பேசப்படவில்லை. கால் வீக்கம், மருந்தின் கசப்பு, அங்கே என்ன சோறு, யார் பொங்குவது என்று போயிற்று. பின்பு ஆச்சி மாமாவுக்குப் பின்னாலிருந்த சன்னலைக் கூர்ந்து பார்த்தார்கள். இங்கே நண்பகல், அங்கே கும்மிருட்டு.

"எய்யா, அங்க இன்னும் விடியலியா?"

அரை நொடி. "இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாள்ல விடிஞ்சிரும்."

"விடிஞ்சதும் சொல்லு, என்ன" என்றார்கள் ஆச்சி.

மூன்றாம் நாள் அதிகாலையில் ஆச்சி இறைவனடி சேர்ந்தார்கள். அன்றைக்கே அங்கு பனிப்புயல். ஆன்டெனா பனிக்குள் முகம் புதைத்துக்கொண்டது. அவசரத்துக்கென இருந்த செயற்கைக்கோள் தொலைபேசியில் ஒரு நிமிடம் மட்டும் அம்மா செய்தியைச் சொன்னார்கள். அடக்கத்தை அவருக்குத் திரையில் காட்ட வழியில்லை. இரண்டு நாள் இணைப்பே இல்லை.

அவ்விரண்டு நாளும் நான் எழுதினேன். யார் யார் வந்தார்கள், ஆச்சிக்கு எந்தச் சேலை உடுத்தினோம், பெட்டியைத் தூக்கியபோது எந்தப் பக்கம் யார் தோள் கொடுத்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் எந்த வேம்பின் அருகில் இடம், திரும்பும் வழியில் தெருக்குழாயடியில் பழைய பெண்கள் நின்று அழுதது என ஒன்றும் விடாமல் எழுதினேன். புயல் ஓய்ந்து, இருவர் போய்ப் பனியைத் தட்டி, மெல்லிய இணைப்பு மீண்டபோது, காத்துக் கிடந்தவற்றுள் முதலில் உள்ளே நுழைந்தது அந்தச் சிறு கடிதம்தான். மாமா அதை எத்தனை முறை படித்தார் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "இன்று விடிந்தது. அடிவானத்தில் சிறு கீற்று. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, உனக்குச் சொல்கிறேன்." நான் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டுபோய், அந்த வேம்பினடியில் நின்று வாய்விட்டுப் படித்தேன்.

சென்ற ஆண்டு மாமா திரும்பி வந்தார். பெங்குவின் படமும் பனிப்பாறைக் கூழாங்கல்லும் கேட்ட தம்பிக்குப் படம் மட்டும் கிடைத்தது. அங்கிருந்து கல்லை எடுத்துவரக் கூடாதாம். எங்களுக்கு அவர் கொண்டுவந்தது ஒரு தாள். வேளைகளும் பெயர்களும் எழுதிய தாள். இருபத்து மூன்று பெயர்கள், இருபத்து மூன்று விதமான கோடுகள். சில நேர்க்கோடு, சில நடுங்கிய கோடு. அம்மா அதை ஆச்சியின் செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

இப்பொழுது பூமிக்கு அருகே, ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. அண்டார்டிகாவின் பெரிய நிலையமான மக்மர்டோவில் 2022இல் அவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். இனி எல்லா நிலையங்களிலும் குழாய் பெரிதாகும்; அரை நொடி மௌனமும் குறையும். "அப்படியானால் பலகையும் தாளும் தேவைப்படாது, இல்லையா மாமா?" என்று கேட்டேன். மாமா சற்று யோசித்தார். "தண்ணீர் பெருகினால் குடமும் பெருகும். நம் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது நல்லதுதான். யாரும் அதை வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று இப்போது நமக்குத் தெரிகிறதா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

தோழியரே, நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் இருவருக்கு ஒரு கணிப்பொறிதான். "என் முறை, என் முறை" என்று நாம் போடும் சத்தத்தைச் சகோதரிகள் நன்கு அறிவார்கள். அதில் என் குரலே ஓங்கி ஒலித்ததும் அறிவார்கள். இப்போதும் என் முறையை நான் விரும்பியே காத்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆயினும் உட்காருமுன் பக்கத்தில் நிற்பவளின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அவள் குடம் எந்த வீட்டுக் குடமோ, யார் கண்டது?